கேட்ட மாசும் கேட்காத மாசும்

முதல் ஓட்டத்தில் பியூரெட்டில், அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில், 22 மில்லி வாயு சேர்ந்தது. கொடுத்த மின்சாரம் முழுக்க ஹைட்ரஜனாகப் போயிருந்தால் 24 மில்லி வந்திருக்க வேண்டும். அதாவது ஒரு மணி நேரம் குமிழி குமிழியாக ஊட்டிய கார்பன் டை ஆக்சைடை என் செம்புத் தகடு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீரைப் பிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவன். வீடு மண்டபத்தில், கடலுக்கு நடந்தே போகிற தூரம். கோடை விடுமுறையில் திண்ணையில் வைத்துச் செய்ததைத்தான் எழுதுகிறேன். மின்சாரத்தைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை ஃபார்மேட்டாக, அதாவது எறும்புக் கடியில் இருக்கும் ஃபார்மிக் அமிலத்தின் உப்பாக, மாற்ற வேண்டும். அதற்குச் செம்பின் மேல் கொஞ்சம் வெள்ளீயத்தை மாசாக ஏற்றி வினையூக்கி செய்ய வேண்டும். இவ்வளவுதான் திட்டம். பிளஸ் டூ இயற்பியலில் சிலிக்கானுக்குப் பாஸ்பரஸ் சேர்ப்பதை மாசூட்டல் என்று படித்திருப்பீர்கள். வினையூக்கியிலும் அதே வேலைதான்: ஓர் உலோகத்தில் இன்னொன்றைத் துளியளவு கலந்து அதன் குணத்தைத் திருப்புவது. ஆனால் நான் மாசூட்டத் தொடங்குவதற்கு முன்பே என் தகட்டுக்கு வேறு யாரோ மாசூட்டி முடித்திருந்தார்கள்.

ஏன் செம்பு, ஏன் வெள்ளீயம்? ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரியும் அவருடைய குழுவினரும் 1985 முதல் ஒவ்வொரு உலோகத்தையும் பைகார்பனேட் கரைசலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு எதுவாக மாறுகிறது என்று பட்டியல் போட்டார்கள். தங்கம், வெள்ளி, துத்தநாகம் மூன்றும் கார்பன் மோனாக்சைடு தரும். வெள்ளீயம், காரீயம், இண்டியம் ஆகியவை ஃபார்மேட் தரும். இரும்பு, நிக்கல், பிளாட்டினம் மூன்றிலும் கிட்டத்தட்ட எல்லாமே ஹைட்ரஜன். செம்பு மட்டும் தனி ரகம். மீத்தேன், எத்திலீன், எத்தனால் என்று கடை விரித்துவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லியாம்பியர் கொடுத்த அளவீட்டில், செம்பில் போன மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மீத்தேனுக்கும், நாலில் ஒரு பங்கு எத்திலீனுக்கும், ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கும் போனது. அதே அளவீட்டில் வெள்ளீயம் 88 சதவீத மின்சாரத்தை ஃபார்மேட்டாக்கியது. நானும் அதே 5 மில்லியாம்பியரையே எடுத்துக்கொண்டேன். ஒப்பிட ஓர் எண் வேண்டுமே.

சாமான்கள். 2 செ.மீ.க்கு 5 செ.மீ. செம்புத் தகடு, பழைய மின்பலகையின் பஸ்பாரிலிருந்து, அதாவது மின்சாரம் கடத்தும் செம்புப் பட்டையிலிருந்து, அறுத்தது. பின்பக்கம் முழுக்க நெயில் பாலிஷ். ஆக 10 சதுர சென்டிமீட்டர், 50 மில்லியாம்பியர். மின்சாரம் ஒரு சின்ன சோலார் பேனலிலிருந்து, மின்னோட்டத்தைக் கட்டிவைக்கும் பக் கன்வெர்ட்டர் வழியாக. (கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிற்கிற மாவட்டத்தில் இதற்காவது சோலார் இல்லாவிட்டால் எப்படி.) கார்பன் டை ஆக்சைடு, சோடா கம்பெனியிலிருந்து முன்பணம் கட்டி வாங்கி வந்த சிறிய சிலிண்டர். வாயுவைச் சீராக விட மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டிரிப்ஸ் டியூப். அதன் சக்கரத்தை உருட்டினால் குமிழியை எண்ணி எண்ணி விடலாம். காசு கொடுத்து வாங்கும் எந்த வால்வும் எனக்கு இந்த அளவு ஒத்துழைத்ததில்லை.

மின்பகுளி, அதாவது மின்சாரம் பாயும் கரைசல், 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட், 100 மில்லி. நேர்மின்முனையைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வரும் ஆக்சிஜன் இந்தப் பக்கம் கலந்துவிடும், இங்கே உண்டான ஃபார்மேட் அங்கே போய் மறுபடியும் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். ஆய்வகங்களில் இதற்கென விலை உயர்ந்த சவ்வு இருக்கிறது. நான் மெருகில்லாத மண் குவளையை ஜாடிக்குள் இறக்கினேன். பழைய டேனியல் கலத்தில் செய்ததுதான். ஜாடியிலிருந்து வெளிவரும் வாயு முதலில் காஸ்டிக் சோடாக் கரைசலுக்குள் போகும். மிஞ்சிய கார்பன் டை ஆக்சைடு அங்கே கரைந்துவிடும். கரையாதது மட்டும் கவிழ்த்து வைத்த 50 மில்லி பியூரெட்டில் ஏறும்.

கணக்கு இப்படி: 50 மில்லியாம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 180 கூலூம். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான் என்பதால் 180-ஐ 96,485-இன் இரு மடங்கால் வகுக்க, 0.93 மில்லிமோல். நம் ஊர் 30 டிகிரியில், நீராவியையும் சேர்த்தால் சுமார் 24 மில்லி. ஃபார்மேட் கரைசலிலேயே தங்கிவிடும், வாயுவாக வராது. ஆகவே பியூரெட்டில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல சேதி. மின்சாரமே கொடுக்காமல் ஒரு மணி நேரம் வாயுவை மட்டும் விட்டுப் பார்த்தபோது ஒன்றரை மில்லி ஏறியது. சிலிண்டரிலும் குழாயிலும் இருந்த காற்று. அதை எல்லா அளவிலும் கழித்துவிட்டேன். பொட்டாசியம் கார்பனேட் கரைசலில், கார்பன் டை ஆக்சைடே இல்லாமல், ஒரு ஓட்டம்: 23.5 மில்லி. சரி, கருவி பொய் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்த 22.

இரண்டு நாள் தகட்டை எமரி தாளால் தேய்ப்பதும், நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் கழுவுவதும், மறுபடி ஓட்டுவதுமாகப் போனது. ஒன்று கவனித்தேன். முதல் பத்து நிமிடம் வாயு மெதுவாகத்தான் ஏறுகிறது, அதற்குப் பிறகே வேகம் பிடிக்கிறது. தகடு நல்லபடியாகத் தொடங்கி, ஓட ஓடக் கெட்டுப்போகிறது. அப்படியானால் கரைசலிலிருந்து ஏதோ வந்து அதன் மேல் உட்கார வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் படகு இன்ஜின் மெக்கானிக். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தவர், நேர்மின்முனையைக் காட்டி, "இது என்ன வாத்தியாரே, கரண்டிக் காம்பா?" என்றார். ஆமாம் அண்ணே, எவர்சில்வர், துருப்பிடிக்காது என்றேன். "துருப்பிடிக்காதா? நம்ம ஊர்லயா?" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் போனதும் மண் குவளைக்குள் இருந்த கரைசலில் ஒரு கரண்டி எடுத்து, அமிலமாக்கி, பொட்டாசியம் தயோசயனேட் இரண்டு சொட்டு விட்டேன். உப்புப் பகுப்பாய்வில் மாணவர்களுக்கு நானே ஆண்டுதோறும் காட்டுகிற சோதனை. ரத்தச் சிவப்பு! இரும்பு. எவர்சில்வரைக் காப்பாற்றும் மெல்லிய படலத்தைக் குளோரைடு ஓட்டை போடும். அதை நேர்மின்முனையாகவும் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குளோரைடு எங்கிருந்து? கரைசல் கலந்தது கேன் தண்ணீரில். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 70 காட்டியது. போதாததற்கு ஜாடி கழுவியது போர் தண்ணீரில். அதோடு, திண்ணையில் ஒரு ராத்திரி கவிழ்க்காமல் வைத்த கண்ணாடித் தட்டைக் காலையில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கிற ஊர் இது. உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அதன் காரணத்தை வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும்.

கரைந்த இரும்பு மண் குவளையின் துளைகள் வழியே மெல்ல இந்தப் பக்கம் வந்து, எதிர்மின்முனையான செம்பின் மேல் படிந்திருக்கிறது. ஹோரியின் பட்டியலில் இரும்பு எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று மேலே போய்ப் பாருங்கள். மாசூட்டலின் மறுபக்கம் இதுதான். துளியளவு வெள்ளீயம் செம்பின் குணத்தை மாற்றும் என்றால், துளியளவு இரும்பும் மாற்றும். நாம் அழைத்த மாசு, அழைக்காத மாசு என்று தகட்டுக்கு வேறுபாடு தெரியாது. மேற்பரப்பை மூட ஓரடுக்கு அணு போதும் என்பதால், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கரைந்திருந்தாலே ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

எவர்சில்வரைத் தூக்கிப் போட்டுவிட்டு டார்ச் செல்லை உடைத்துக் கரிக்குச்சி எடுத்தேன். அவசரத்தில் தண்ணீரில் மட்டும் கழுவிப் போட்டுவிட்டேன். விளைவு 19 மில்லி. செல்லுக்குள் துத்தநாகக் குளோரைடும் மாங்கனீசு ஆக்சைடும் இருக்கும் என்று பதினோராம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான். குச்சியை அமிலத்தில் நான்கு முறை கொதிக்க வைத்தேன். மண் குவளையையும் அப்படியே, தயோசயனேட் விட்டால் சிவப்பது நிற்கும் வரைக்கும். செம்மண் குவளையில் இருப்பதும் இரும்புதான் என்பது அப்போதுதான் உறைத்தது. தண்ணீருக்குப் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், மீட்டரில் 2. ஜாடிக்கு மூடி. வேலையை மதியக் கடல்காற்று எழுவதற்கு முன் காலையிலேயே முடிப்பது.

இத்தனைக்குப் பிறகும் பொட்டாசியம் பைகார்பனேட் தூளிலேயே மாசு இருக்கலாம். கரைசலில் ஈடிடிஏ கொஞ்சம் சேர்த்தால் உலோக அயனிகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், செம்பு நீண்ட நேரம் தாங்கும் என்பது தெரிந்த வழிதான். ஆனால் கடைசியில் ஃபார்மேட்டை அளக்க எனக்கு இருப்பது பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் மட்டுமே, அதாவது எவ்வளவு பெர்மாங்கனேட் செலவாகிறது என்று பார்த்து அளப்பது. ஈடிடிஏவும் பெர்மாங்கனேட்டைத் தின்னும், கணக்கே குழம்பிவிடும். எனவே பழைய முறை: வேறொரு செம்புக் கம்பிச் சுருளைப் பலியாடாக விட்டு, மிகச் சிறிய மின்னோட்டத்தில், சோலாருக்குப் பதில் பேட்டரியில், ராத்திரி முழுக்க ஓட்டுவது. வரவேண்டிய அழுக்கெல்லாம் அதன் மேல் படிந்துவிடும். காலையில் அதை உருவிவிட்டு நல்ல தகட்டை இறக்க வேண்டும். உருவிய கம்பி லேசாகக் கறுத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் கம்பியில் சுற்றி வெளியே எடுத்த திருப்தி!

இன்னொரு திருத்தம் ஐஸ். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு 34 மில்லிமோல் கரையும். 35 டிகிரியில் 26 ஆகிவிடும். 10 டிகிரிக்குக் குளிர வைத்தால் 53. சோடாவை ஐஸில் வைப்பது எதற்கென்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். தகட்டுக்கு அருகே கரைந்த வாயு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வினைக்குக் கிடைக்கும். அது தீர்ந்தால் தண்ணீர் முந்திக்கொள்ளும். மீன் ஏற்றும் தெர்மாக்கோல் பெட்டி ஒன்றும், உடைத்த ஐஸும் வாங்கி வந்து ஜாடியை நடுவில் புதைத்தேன். மீன் வாடை போகவில்லை, ஆனால் கரைசல் இரண்டு மணி நேரம் 11 டிகிரியில் நின்றது.

இப்போது வெறும் செம்பு: 11 மில்லி. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். ஆனால் குறைந்த 13 மில்லியும் ஃபார்மேட் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மீத்தேனுக்கு 8 எலக்ட்ரான், ஒரு எத்திலீனுக்கு 12 எலக்ட்ரான் செலவாகும் என்பதால், அவை உண்டானாலும் வாயுவின் அளவு குறையவே செய்யும். செம்பில் எனக்குத் தெரிவது "ஹைட்ரஜன் அல்லாத ஏதோ நடக்கிறது" என்பது மட்டும். எனக்கு அடித்தளமாக அது போதும்.

இனி வெள்ளீயம். அம்மா ரசம் வைத்து மறந்து, அடுப்பிலேயே ஒழுகிப்போன ஈயச் சொம்பு ஒன்று பரணில் கிடந்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்; ரசம் வற்றிவிட்டால் சொம்பும் போய்விடும். அதன் விளிம்பிலிருந்து கொஞ்சம் வெட்டி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தேன். மலிவான சொம்பில் காரீயம் கலந்திருப்பார்கள் என்ற பயம் உண்டு. காரீயக் குளோரைடு குளிர்ந்த நீரில் அதிகம் கரையாது. கரைசலை ஐஸில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன், ஊசி ஊசியாக எதுவும் படியவில்லை. நிறைய இல்லை என்று மட்டும் சொல்லலாம். கொஞ்சம் இருந்தாலும் காரீயமும் ஃபார்மேட் கூட்டம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மாசைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இப்படித் தேற்றிக்கொள்வது நியாயமில்லைதான்.

இந்தக் கரைசலிலிருந்து மின்சாரத்தால் தகட்டின் மேல் எவ்வளவு பூசுவது என்பதில்தான் வடிவமைப்பே இருக்கிறது. சதுர சென்டிமீட்டரில் ஓரடுக்கு வெள்ளீய அணுவை உட்கார வைக்கச் சுமார் அரை மில்லிகூலூம் வேண்டும். என் தகட்டுக்கு 5 மில்லிகூலூம், அதாவது 1 மில்லியாம்பியரில் 5 விநாடி. ஐந்தே விநாடி! பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பார்த்தால் சிரிப்பார். எமரியில் தேய்த்த தகட்டின் உண்மைப் பரப்பு அதிகம், மின்சாரத்தில் கொஞ்சம் ஹைட்ரஜனுக்கும் போகும். எனவே விநாடியைக் கொண்டு அடுக்கைச் சொல்வது குத்துமதிப்புதான்.

மெல்லிசாகப் பூசினால் ஒன்று, தடிப்பாகப் பூசினால் வேறொன்று. செம்புத் துகளைச் சுற்றி வெள்ளீய ஆக்சைடைப் போர்த்திய ஓர் ஆய்வில், போர்வை 0.8 நானோமீட்டராக இருந்தபோது கார்பன் மோனாக்சைடும், 1.8 நானோமீட்டரானபோது ஃபார்மேட்டும் பிரதானமாக வந்தன. நண்டைப் பிடிப்பது போலத்தான் இது. கார்பன் டை ஆக்சைடைக் கார்பன் பக்கமாகப் பிடித்தால் மோனாக்சைடாகும் வழி திறக்கிறது. ஆக்சிஜன் பக்கமாகப் பிடித்தால் ஃபார்மேட். வெள்ளீயத்துக்கு ஆக்சிஜன் மேல் பிரியம் அதிகம். அடுக்கு மெல்லிசாக இருக்கும்போது அடியிலுள்ள செம்பு அதன் எலக்ட்ரான்களைக் கலைத்து அந்தப் பிரியத்தை மாற்றிவிடுகிறது. தடிக்கத் தடிக்க வெள்ளீயம் தன் குணத்துக்குத் திரும்பிவிடுகிறது.

எனக்கு வேண்டியது ஃபார்மேட். மோனாக்சைடு விஷம் என்பது ஒரு காரணம். என் பியூரெட்டால் அதையும் ஹைட்ரஜனையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது இன்னொன்று, இரண்டுக்கும் 2 எலக்ட்ரான், ஒரே அளவு வாயு. ஆன்லைனில் வாங்கிய மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் திண்ணையில் மாட்டியிருந்தேன். அது சுத்த ஹைட்ரஜனுக்கும் கத்தியது. அந்த உணரிகளுக்கு ஹைட்ரஜனும் கொஞ்சம் மோனாக்சைடு மாதிரிதான் தெரியும். கத்தினால் எழுந்து போக மட்டும் அது உதவும். செய்து பார்க்கிறவர்கள் திறந்த வெளியில் வைத்தே செய்யுங்கள்.

10 விநாடி பூசிய தகடு: 19 மில்லி. கரைசலில் பெர்மாங்கனேட் அவ்வளவாக நிறம் இழக்கவில்லை. ஹைட்ரஜனா, மோனாக்சைடா? பியூரெட் வாய் திறக்கவில்லை, அதை விட்டுவிட்டேன்.

40 விநாடி: 8 மில்லி.

கரைசலை எடுத்துக்கொண்டு பள்ளி ஆய்வகத்துக்கு ஓடினேன். சோடியம் கார்பனேட் சேர்த்துச் சூடாக்கி, அளந்த பெர்மாங்கனேட்டை விட்டதும் பழுப்பாகப் படிந்தது. மிச்சத்தை அமிலத்தில் ஆக்சாலிக் அமிலத்தோடு திருப்பித் தரம்பார்த்தேன். மின்சாரம் ஓட்டாத கரைசலுக்கும் இதே சோதனை செய்து கழித்ததில் வந்தது 0.56 மில்லிமோல். அதாவது 60 சதவீத மின்சாரம் ஃபார்மேட்டுக்குப் போயிருக்கிறது. வாயுவாகப் போனது மூன்றில் ஒரு பங்கு. கூட்டினால் 93, மிச்சம் என் கண்ணும் கையும் செய்த பிழை. ஹோரியின் 88-க்கு எட்டவில்லை, ஆனால் முதல் நாளின் 22 மில்லியிலிருந்து பார்த்தால் வேறு உலகம்.

எடையில் சொன்னால் 26 மில்லிகிராம் ஃபார்மிக் அமிலம். இதற்குக் கலம் தின்றது 4 வோல்ட். மண் குவளையின் தடையில் பாதி வீணாகச் சூடாகிறது. "இத வச்சு என்ன வாத்தியாரே பண்ணுவிய?" என்று அண்ணன் கேட்டார். ரப்பர் பாலை உறைய வைக்க இதே அமிலம்தான் என்றேன். நம்ம ஊர்ல ரப்பர் மரம் ஏது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதே தகட்டை எடுக்காமல் அடுத்தடுத்த மணி நேரங்களும் ஓட்டினேன். இரண்டாவது மணியில் 10, மூன்றாவதில் 13. மறுபடியும் ஏதோ வந்து உட்காருகிறது. தயோசயனேட் சிவக்கவில்லை, இரும்பு இல்லை. தகட்டை வெளியே எடுத்து வெள்ளைத் துணியால் துடைத்தபோது கரியாக ஒட்டியது. கரிக்குச்சியே ஆக்சிஜனில் அரிபட்டு, பொடி பொடியாகி, குவளையைத் தாண்டி வந்திருக்கிறது. துணியில் இருந்தது கரி மட்டும்தானா, வெள்ளீயமும் உதிர்ந்து வந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைக்குக் குச்சியை வடிதாள் உறையில் போட்டு நூலால் கட்டியிருக்கிறேன். புதிதாக 40 விநாடி பூசிய தகடு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தயார். பலியாட்டுக் கம்பி நேற்று ராத்திரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஐஸ் கம்பெனியில் இன்றைக்கு மிஷின் ரிப்பேராம், நாளைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.